பெயரில்லாத பாட்டிலில் விற்கப்படும் நீல மருந்து: கடல்மீன் வளர்ப்போர் கவனத்திற்கு

காரைக்குடி வட்டாரத்தில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்குள்ள ஒரு கடையில், மீனுக்கு வரும் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று சொல்லி, பழைய குடிநீர் பாட்டிலில் நிரப்பிய நீலத் திரவத்தை விற்கிறார்கள். அதில் பெயரும் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்ற விவரமும் இல்லை, எத்தனை லிட்டருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்ற அளவும் இல்லை.

எங்கள் கோமாளி மீன்களின் மேல் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, அவை பாறையில் உடம்பை உரசத் தொடங்கியதும் அந்தக் கடைக்காரரிடம் கேட்டோம். தொட்டியில் இறாலும் நத்தையும் இருப்பதைத் தெளிவாகச் சொன்ன பிறகும், "ஒண்ணும் ஆகாதுண்ணே, தொட்டியிலேயே ரெண்டு மூடி ஊத்திடுங்க" என்றார். மறுநாள் காலையில் இறால்கள் மல்லாந்து கிடந்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் விழுந்திருந்தன. அதைச் சொன்னபோது அவர் கேட்டதெல்லாம், மீனில் புள்ளி போய்விட்டதா இல்லையா என்பதுதான்.

புள்ளி போயிருந்தது உண்மை. ஆனால் அது குணமல்ல. இந்நோயைத் தரும் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி, மீனின் மேல் 3 முதல் 7 நாள் இருந்துவிட்டு, தானாகவே உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டிப் பெருகி, மீண்டும் நீந்தி வந்து மீனைப் பற்றும். மருந்துக்குச் சாவது அந்த நீந்தும் பருவம் மட்டுமே. எங்கள் தொட்டியிலும் புள்ளிகள் முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பின. செவுள் மூடிகள் படபடக்க, மீன்கள் நீர்மட்டத்தில் மூச்சுக்குத் தவித்து ஒவ்வொன்றாக இறந்தன. அப்போது கடைக்காரர் செட்டிநாட்டுத் தண்ணீரைக் குறை சொன்னார். நாங்கள் ஆர்.ஓ. நீரில்தான் கடலுப்புக் கலக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும், அந்த உப்பை விற்றவரே அவர்தான்.

சென்னை கொளத்தூரிலிருந்து தாமிரச் சோதனைக் கருவியை வரவழைத்துப் பார்த்தபோது நீரில் தாமிரம் இருந்தது. தாமிரம் இந்நோய்க்கு உரிய மருந்துதான். ஆனால் தனித் தொட்டியில், லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற அளவைச் சோதித்துச் சோதித்து, வாரக்கணக்கில் காக்க வேண்டிய மருந்து. சற்றே கூடினால் மீனுக்கு நஞ்சு, குறைந்தால் நோய் தீராது. இறாலும் நத்தையும் பவளமும் அந்த அளவையே தாங்கா. இப்படிப்பட்ட ஒன்றை மூடியால் அளக்கச் சொல்லி விற்பது மன்னிக்க முடியாத செயல்.

பில் கேட்டோம், தரவில்லை. பணமும் திரும்பவில்லை.

இந்தத் திரவத்தை ஏற்கெனவே ஊற்றியவர்கள் இறால், நத்தை எஞ்சியிருந்தால் உடனே வேறு கடல்நீருக்கு மாற்றுங்கள். பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துப் பின்னர் கசியவிடும். எனவே நீரைப் பகுதி பகுதியாக மாற்றி, வடிகட்டியில் மீன்தொட்டிக்கான புதிய செயலூட்டிய கரியை (ஆக்டிவேட்டட் கார்பன்) இட்டு, பல முறை சோதித்தும் தாமிரம் தென்படாத பிறகே இறாலையும் நத்தையையும் திரும்ப விடுங்கள்.