பத்து ரூபாய் வில்லைக்கு போலீஸ் காகிதம்: ஆர்டிஐ தேறுமா?

ஆர்டிஐ என்கிற தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு என் மார்க் ஐந்துக்கு மூன்றரை. காகிதம் கேட்டால் நல்ல சேவை, காரணம் கேட்டால் வீண்.

எங்கள் ஊர் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் இருக்கிறது. கரையில் வைத்திருந்த நண்டு வலை காணாமல் போனதும் மச்சான் ஸ்டேஷனில் மனு கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (மனு வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சி, வழக்குப் பதிவு இல்லை) வாங்கினார், அதோடு சரி, எப்போது போனாலும் "ஐயா பந்தோபஸ்து போயிருக்காரு, அப்புறம் வாங்க" என்பதுதான் பதில். எந்த ஸ்டேஷன் என்று மட்டும் கேட்காதீர்கள், நாங்கள் அந்த வழியாகத்தான் தினமும் போகணும்.

எஃப்ஐஆர் போட்டிருந்தால் ஆர்டிஐ வரைக்கும் போகவே வேண்டாம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், நிலையம், வருடம், எண் கொடுத்தால் நகல் இறங்கிவிடும். 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாலியல் குற்றம், போக்சோ வழக்குகள் அதில் வராது, வரவும் கூடாது. புகார் கொடுத்தவருக்கு ஸ்டேஷனிலேயே இலவசமாக ஒரு நகல் தரணும் என்பது தனி. ஆனால் சிஎஸ்ஆரோடு நிற்கிற ஆளுக்கு இது எதுவும் உதவாது.

அதனால் ஆர்டிஐ. மனு எழுதித் தருகிற ஒருவர் "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று மச்சானுக்கு ஒரு பக்கம் உருக்கமாக எழுதிக் கொடுத்தார். 'காரணம் கோருவது தகவல் ஆகாது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கடுப்பாக இருந்தாலும் சட்டப்படி அது சரிதான், கையில் இருக்கிற ஆவணத்தைத்தான் அவர்கள் தரணும், புதிதாக விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை. அடுத்த மனுவில் கதையே இல்லை: சிஎஸ்ஆர் பதிவேட்டில் இந்த எண் உள்ள பக்கத்தின் நகல், மனு எந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் போனது என்ற பதிவின் நகல், விசாரணை அறிக்கை இருந்தால் அதன் நகல். பத்து ரூபாய் வில்லை, அதாவது கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒட்டி மாவட்டக் காவல்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபால். எதற்குக் கேட்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது, பிரிவு 6(2) அப்படி.

வந்த நகலில் நீல மையில் ஒரு குறிப்பு: "பலமுறை அழைத்தும் மனுதாரர் ஆஜராகவில்லை, மனு முடிக்கப்பட்டது." மச்சானுக்கு ஒரு போன்கூட வந்ததில்லை! அந்தக் காகிதத்தோடு மேலதிகாரியைப் பார்க்கப் போனார், அதே ஸ்டேஷன் ஆட்கள் பேசுகிற தொனியே மாறிவிட்டது. பக்கத்துக்கு 2 ரூபாய் செலவில் இது பெரிய விஷயம்.

இனி குறைகள். 30 நாளில் பதில் தரணும், உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். தரவில்லையென்றால் 30 நாளைக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு, அதற்கப்புறம் 90 நாளைக்குள் சென்னையில் உள்ள தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளுக்கு 250, அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதைப் போடுவது ஆணையம், ஆணையத்தில் வரிசை நீளம். கடலுக்குப் போகிற ஆளுக்கு அவ்வளவு பொறுமை எங்கே? ஒரு மார்க் இதற்காகவே குறைத்தேன்.

'விசாரணை நடக்கிறது, 8(1)(எச்)' என்று, விசாரணைக்கு இடைஞ்சலான தகவலை மறுக்கலாம் என்கிற பிரிவை எழுதி மூடுவதும் வழக்கம். தகவல் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று அவர்கள் காட்டணும், விசாரணை நிலுவையில் இருப்பது மட்டும் போதாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007-லேயே சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் இந்த ஒரு வரியை எழுதுங்கள். மீதி அரை மார்க் தனிநபர் தகவலுக்குப் போனது: அடுத்தவரின் சொந்த விவரத்தை மறுக்கலாம் என்கிற 8(1)(ஜே) பிரிவை 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தி, பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அதற்குள்ளேயே இருந்த விலக்கை எடுத்துவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் மறுக்கத்தக்க தகவலையும் தரலாம் என்கிற 8(2) இன்னும் இருக்கிறது, அடுத்தவர் பெயர் வருகிற காகிதம் கேட்கிறவர்கள் பொதுநலன் என்ன என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.