கல்லூரி அறிவியல் கணக்குகளுக்கு இணைய உதவி: நான்கு செமஸ்டர் பயன்பாட்டுக்குப் பிறகு

0.10 மோலார் அசிட்டிக் அமிலம் 100 மி.லி. அதில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 100 மி.லி. சேர்த்தால் பிஎச் எவ்வளவு? அமில மாறிலி 1.8 × 10⁻⁵. பி.எஸ்சி. வேதியியலில் இந்தத் தரம்பார்த்தல் கணக்கைத் தொடாமல் யாரும் தப்ப முடியாது. விடை 8.72. இணையத்தில் கிடைக்கிற உதவிகளைத் தரம் பார்க்கவும் இதுவே நல்ல கணக்கு. ஏனென்றால் இதில் தப்புப் பண்ண நாலைந்து வழி இருக்கிறது, ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக ஒரு தப்பான விடை வரும்.

8.87 வந்திருந்தால் கரைசலின் மொத்தக் கன அளவு 200 மி.லி. ஆனதை மறந்திருக்கிறீர்கள். நடுநிலையாக்கலில் உருவாகும் அசிட்டேட்டின் செறிவு 0.05 ஆகப் பாதியாகிவிடும்; 0.10 என்றே போட்டால் பிஎச் 0.15 கூடுதலாக வரும். அந்த 0.15 வேறொன்றுமில்லை, லாக் 2-இல் பாதி. 7 வந்திருந்தால் 'நடுநிலையாக்கல் என்றால் 7' என்ற பள்ளிக்கூட நினைப்பு இன்னும் போகவில்லை. 4.74 என்றால் பாதி வழியில், அதாவது 50 மி.லி. சேர்த்த இடத்தில் நின்றுவிட்டீர்கள்.

3.72 வந்தால்தான் பலர் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வேதியியல் எல்லாம் சரி, கால்குலேட்டரில்தான் கோளாறு. அசிட்டேட்டின் காரமாறிலிக்கு 10⁻¹⁴-ஐ 1.8 × 10⁻⁵ ஆல் வகுக்க வேண்டும். பெருக்கல் குறி, 10, அடுக்கு என்று தனித்தனியாகத் தட்டினால் கருவி முதலில் 1.8 ஆல் வகுத்துவிட்டு, பிறகு 10⁻⁵ ஆல் பெருக்கிவிடும். 5.6 × 10⁻¹⁰ வரவேண்டிய இடத்தில் 5.6 × 10⁻²⁰ வரும். பத்தின் அடுக்குக்கென்று இருக்கும் தனி பட்டனை அழுத்துங்கள், இல்லையென்றால் கீழே வருவதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். விடை சரியாக 5 குறைந்திருந்தால் வேறெங்கும் தேடவே வேண்டாம்.

இந்த மாதிரி 'உன் தப்பு இந்த வரியில்' என்று காட்டுகிற உதவி எது, விடையை மட்டும் நீட்டுகிற உதவி எது என்பதை வைத்துத்தான் இங்கே ஒவ்வொன்றையும் மதிப்பிடுகிறோம்.

கணக்குப் போட்டுத் தரும் இணையதளமான உல்ஃப்ரம் ஆல்ஃபா 2009-இலிருந்து இருக்கிறது. எண்களைச் சரிபார்க்க இன்றும் முதலில் திறக்க வேண்டியது இதுதான். அலகுகளோடு தட்டினால் அலகுகளோடு விடை தரும். நீங்கள் எழுதிய சூத்திரம் பரிமாணப்படி தப்பென்றால், திசைவேகம் வரவேண்டிய இடத்தில் மீட்டரும் நொடியும் விநோதமான அடுக்குகளோடு வந்து காட்டிக்கொடுத்துவிடும். படிப்படியான விளக்கத்தை முழுதாகப் பார்க்கப் பணம் கட்ட வேண்டும், ஆனால் சரிபார்ப்புக்கு இலவசப் பகுதியே தாராளம். ஒரு பொறி உண்டு: அங்கே லாக் என்றால் இயல்மடக்கை, அடிமானம் 10 அல்ல. மேலே சொன்ன கணக்கின் கடைசி வரியில் வெறும் லாக் என்று போட்டால் பிஓஎச் (14-இலிருந்து பிஎச்சைக் கழித்தது) 12.15 என்றும், பிஎச் 1.85 என்றும் வரும். விடைக்கு மேலே 'இப்படி எடுத்துக்கொண்டேன்' என்று அது சொல்லும் வரியைப் படிக்காமல் கீழே போகாதீர்கள். பைத்தான் நிரல்மொழியிலும் இதே கதைதான்: லாக் இயல்மடக்கை, சைனுக்குள் போவது ரேடியன். உராய்வில்லாத 30 டிகிரிச் சாய்தளக் கணக்கில் முடுக்கம் 4.9-க்குப் பதில் மைனஸ் 9.68 என்று வந்தால், 30-ஐ ரேடியனாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள். இப்போது முக்கால்வாசிப் பேர் முதலில் ஓடுவது அங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

திண்ம உருளை ஒன்று 30 டிகிரிச் சாய்தளத்தில் வழுக்காமல் உருள்கிறது, உராய்வுக் குணகம் 0.4, முடுக்கம் என்ன? சரியான விடை ஜி சைன் 30-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.27 மீ/வி². உராய்வுக் குணகம் கேள்வியில் இருப்பதே ஒரு தூண்டில். வழுக்காமல் உருளும்போது இருப்பது நிலை உராய்வு. அது தேவைப்படும் அளவுக்குத்தான் வரும், உச்ச அளவுக்கு அல்ல. குணகத்தையும் செங்குத்து விசையையும் பெருக்கிக் கழித்தால் 1.5 வரும். செயலி சில நேரம் இந்த 1.5-ஐத் துளிகூடத் தயங்காமல், அழகான வரிசையில் எழுதித் தரும். நடை சரளமாக இருப்பதாலேயே நம்பிவிடுகிறோம். சரிபார்க்க ஒரே வரி போதும்: வழுக்கல் இல்லையென்றால் ஆற்றல் இழப்பு இல்லை, எனவே கீழே வரும்போது வேகத்தின் இருமடி மூன்றில் நாலு பங்கு ஜி × உயரம் ஆக இருக்க வேண்டும். 3.27 இதில் பொருந்தும், 1.5 பொருந்தாது. குணகத்தின் உண்மையான வேலை வேறு: உருளை வழுக்காமல் இருக்க டேன் 30-இல் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 0.19, குறைந்தபட்சம் வேண்டும். 0.4 அதைத் தாண்டிவிட்டது, அவ்வளவே.

நீண்ட நாள் பயன்பாட்டில் தெளிவான இன்னொரு குணம், 'இது தப்புதானே?' என்று கேட்டால் சரியான விடையையும் மாற்றிக்கொள்வது. ஆகவே உங்கள் விடையை முதலில் சொல்லாதீர்கள், 'நிச்சயமா?' என்றும் கேட்காதீர்கள். 'இதையே ஆற்றல் வழியில் போட்டுக் காட்டு' என்று கேளுங்கள். இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து முடிந்தால் ஓரளவு நம்பலாம். 'அடுத்த வரி மட்டும் போதும், விடை வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. கேள்வித்தாளைப் படம்பிடித்து அனுப்பும்போது 10⁻⁵-இன் மைனஸ் குறியும், கீழ்க்குறியீடுகளும், வெக்டர் அம்புகளும் தொலைந்துபோகலாம். எண்களைக் கையால் தட்டுவதே பத்திரம்.

மனிதர்களிடம் கேட்பதென்றால் பிசிக்ஸ் ஃபோரம்ஸ் என்ற இணைய மன்றம் நல்ல இடம், 2001-இலிருந்து நடக்கிறது. கேள்வி, தொடர்புடைய சூத்திரங்கள், நீங்கள் செய்து பார்த்தது என்று மூன்று பாகமாக எழுதச் சொல்வார்கள். முழு விடை தரமாட்டார்கள். எரிச்சலாக இருக்கும். ஆனால் மூன்றாம் பாகத்தை ஒழுங்காக எழுத உட்கார்ந்தாலே பாதிக் கணக்குகள் அனுப்புவதற்கு முன் தீர்ந்துவிடும். கேள்வி-பதில் தளமான பிசிக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சின் கணக்கு வேறு. 'என் விடையைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்' என்று போட்டால் கேள்வியை மூடிவிடுவார்கள். 'உருளும்போது உராய்வு ஏன் வேலை செய்வதில்லை?' என்று கருத்தாகக் கேட்டால் அருமையான பதில்கள் வரும். நாளை காலை கொடுக்க வேண்டிய அசைன்மென்டுக்கு இரண்டுமே உதவாது.

இலவசப் பாடநூல்களில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ், கல்லூரி இயற்பியலுக்கு 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்' மூன்று தொகுதி. பின்னால் ஒற்றைப்படை எண் கணக்குகளுக்கு மட்டும் விடை இருக்கும். உங்கள் கணக்கு இரட்டைப்படை என்றால் பக்கத்து ஒற்றைப்படைக் கணக்கைப் போட்டு, விடை ஒத்துவருகிறதா என்று பாருங்கள். வேதியியலுக்கு லிப்ரெடெக்ஸ்ட்ஸ். இரண்டையும் கலந்து படிப்பவர்கள் வெப்ப இயக்கவியலில் மாட்டிக்கொள்வார்கள். வேதியியல் நூல்களில் அக ஆற்றல் மாற்றம் என்பது வெப்பம் கூட்டல் வேலை. அங்கே வேலை என்பது வாயுவின் மேல் செய்யப்பட்டது. ஓப்பன்ஸ்டாக்ஸ் இயற்பியலில் வெப்பம் கழித்தல் வேலை. அங்கே வாயு செய்த வேலை. வாயுவை 200 ஜூல் வேலை செய்து அமுக்கினோம், 50 ஜூல் வெப்பம் வெளியேறியது என்றால் இரண்டு முறையிலும் விடை +150 தான். ஒன்றின் சூத்திரத்தில் இன்னொன்றின் குறியைப் போட்டால் மைனஸ் 250. செயலியிடம் கேட்கும்போதும் எந்தக் குறிமுறை என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

ஹைப்பர்பிசிக்ஸ், ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தினுடையது, பார்க்கப் பழையது. சூத்திரம் மறந்துபோய் அவசரத்துக்குத் தேடினால் ஐந்து நொடியில் கிடைக்கும். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் இணையப் பாடங்களான என்பிடெல் வீடியோக்கள் பாடத்துக்கு நல்லவை. ஒரே ஒரு கணக்கில் சிக்கியிருக்கும்போது ஒரு மணி நேரப் பாடத்துக்குள் அதைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான்.

எந்த உதவியும் தானாகப் பிடித்துத் தராத ஒரு தப்பு, இடையில் தோராயமாக்குவது. 298-இலிருந்து 308 கெல்வினுக்கு வினைவேகம் இரட்டிப்பாகிறது, கிளர்வு ஆற்றல் என்ன? மோலுக்கு 52.9 கிலோஜூல். தலைகீழ் வெப்பநிலைகளை 0.0034, 0.0032 என்று சுருக்கி எழுதினால் 28.8 வந்து நிற்கும். இரண்டு நெருக்கமான எண்களைக் கழிக்கும் இடத்தில் குறைந்தது ஐந்து இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கையெழுத்துப் பிரதியையும் காட்டினால் ஒழிய யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

சந்தா கட்டும் விடைவங்கிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே கிடைப்பது பெரும்பாலும் எண்கள் மாறிய பழைய பதிப்பின் கணக்கு. எழுதியவர் யார், யார் சரிபார்த்தார்கள் என்பது தெரியாது. கட்டியே ஆகவேண்டுமென்றால் தேர்வுக்கு முந்தைய ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, தானாகப் புதுப்பிப்பதை அன்றைக்கே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் செமஸ்டர் லீவிலும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.