உம்றாக்குப் போக முந்தி போன காத்தான்குடி பாமசி

உம்மாவ உம்றாக்கு கூட்டிட்டுப் போக முந்தி மெயின் ரோட்டுல உள்ள ஒரு சின்ன பாமசிக்கு சும்மா பனடோல் வாங்கத்தான் போனன், கவுண்டர்ல நிண்ட ராத்தா எங்க பயணம் எண்டு கேட்டுட்டு உடனே "மெனிஞ்சைட்டிஸ் ஊசி போட்டாச்சா தம்பி?" எண்டாங்க (மூளைக்காய்ச்சல் வராம போடுற ஊசி). உம்மா 4 வருஷத்துக்கு முந்தி ஹஜ்ஜுக்கு போட்டவதானே, அது காணும் எண்டு நான் நினைச்சிட்டிருந்தன். கார்ட்ட கொண்டாங்க எண்டு பார்த்தா ஊசிட வகையே அதுல எழுதல்ல! கொஞ்ஜுகேட் எண்ட வகை எண்டு எழுதி இருந்தா 5 வருஷம் செல்லுமாம், வகை இல்லாட்டி 3 வருஷம்தான் எடுப்பாங்களாம், அதோட போய் இறங்க 10 நாளைக்கு முந்தியே போட்டிருக்கணும். எங்களுக்கு மிச்சம் 16 நாள்தான், நல்ல நேரம். ரெவல் ஏஜென்ட் இதப்பத்தி ஒரு வார்த்தை சொல்லல்ல, காசு வாங்க மட்டும் மூணு தரம் கோல் எடுத்தாரு.

வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற ஜீவனி பக்கற் 6 தந்து, ஒண்டை முழுசா 1 லீட்டர் தண்ணியிலதான் கரைக்கணும், கிளாஸ்ல போட்டுக் கலக்கப்படாது எண்டு ரெண்டு தரம் சொன்னாங்க (நான் இவ்வளவு நாளும் கிளாஸ்லதான்). உம்மாட பிரஷர் குளிசைய பெட்டியோட, டொக்டர்ட மருந்துத் துண்டுக் கொப்பியோட ஹேண்ட் லகேஜ்ல வைக்கச் சொன்னதும் அவங்கதான்.

குறை எண்டா மாஸ்க் விலை கூட, பில்லும் கேட்டாத்தான் வரும். அஸர் நேரம் போனா பூட்டிக் கிடக்கும், காலையில போங்க.