பழைய ஷெவி பிக்கப்புக்கு மாற்று ஆக்சில்: 9 இஞ்சா, எக்ஸ்ப்ளோரரா, கமாரோவா?

1951 ஷெவர்லே 3100 பிக்கப்பை எதையும் மாற்றாமல் ஹைவேயில் ஏற்றினால், 55 மைல் வேகத்துக்குள்ளேயே எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 சுற்றைத் தொட்டுவிடும். பின் ஆக்சிலில் இருக்கும் 4.11 விகிதம்தான் காரணம். சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 4.11 சுற்று சுற்ற வேண்டும். அந்தக் காலத்து 216 கன இஞ்சு ஆறு சிலிண்டர் எஞ்சினில் கனெக்டிங் ராடுக்குப் பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவை ஊற்றிய பேரிங். எண்ணெயும் அள்ளித் தெளித்துதான் போய்ச் சேரும். அதை மணிக்கணக்கில் அப்படி விரட்டக் கூடாது. பண்ணைக்கு வைக்கோல் ஏற்றிப் போக வடிவமைத்த வண்டி அது. அந்த வேலைக்கு 4.11 மிகச் சரி. அமெரிக்காவின் இன்றைய நெடுஞ்சாலைக்குச் சரிப்படாது.

என் வண்டியில் 350 கன இஞ்சு ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினும் 700ஆர்4 என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் போட முடிவெடுத்த நாளே பின் ஆக்சிலும் போயாக வேண்டும் என்பது உறுதியாகிவிட்டது. விகிதம் மட்டும் பிரச்சினை இல்லை. 1947 முதல் 1954 வரை வந்த ஷெவி அரை டன் பிக்கப்புகளிலும், 1955-இன் தொடக்க வண்டிகளிலும் கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியாது. அது ஒரு கனத்த குழாய்க்குள் சுழலும். டார்க் டியூப் என்பார்கள். அந்தக் குழாயின் பின்முனை, இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் ஹவுசிங்கோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். முன்முனை கியர்பாக்ஸின் பின்பக்கப் பந்து மூட்டில் உட்காரும். புதிய கியர்பாக்ஸில் அந்தப் பந்துக்கு இடமே கிடையாது. கியர்பாக்ஸை மாற்றினால் ஆக்சிலையும் மாற்ற வேண்டும், வேறு வழியில்லை.

பழைய ஆறு சிலிண்டரையே வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இந்த அலசலை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய ஹவுசிங்கிலேயே பொருந்தும் 3.55 கிரவுன்-பினியன் செட் (விகிதத்தைத் தீர்மானிக்கும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) தனியாகக் கிடைக்கிறது. அதை மாட்டினால் 60 மைலில் கிட்டத்தட்ட 400 சுற்று குறையும், வண்டியின் பழைமையும் கெடாது. ஆசைப்பட்டு எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டியதில்லை.

எஞ்சினை மாற்றுபவர்களுக்குத்தான் தலைவலி. யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "ஃபோர்டு 9 இஞ்ச்". 9 இஞ்ச் என்பது உள்ளே இருக்கும் கிரவுன் வீலின் விட்டம். 1957-இல் வந்த ஆக்சில். ஃபோர்டு அதை 1980-களின் நடுப்பகுதி வரை பிக்கப்புகளில் போட்டது. அதன் பெருமைக்கு ஆதாரம் இருக்கிறது. கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக முன்பக்கமாகக் கழன்று வரும். பூசணிக்காய் என்றே அங்கே அதற்குச் செல்லப்பெயர். விகிதத்தை மாற்ற வேண்டுமா? ஆக்சில் ஷாஃப்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு இந்தக் கட்டைக் கழற்றி வேறொன்றைப் பூட்டினால் போதும். பினியனின் முனைக்கும் ஒரு தனி பேரிங் தாங்கல் கொடுக்கும், அதனால் முறுக்கு ஏறும்போது பினியன் விலகாது. சக்கரத்து ஷாஃப்டை வெளிமுனையில் ஒரு தகடு பிடித்திருக்கும். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் தானாகக் கழன்று ஓடாது.

இத்தனை இருந்தும் என் வண்டிக்கு நான் 9 இஞ்சைப் போடவில்லை. போட முயன்று கைசுட்டவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் "எந்தப் பழைய டிரக்கிலும் உட்காரும்" என்று சொல்லி விற்றார். நம்பி வாங்கி வந்தேன். எஃப்-150-இலிருந்து எடுத்தது. சக்கரம் பதியும் முகத்திலிருந்து எதிர்முகம் வரை டேப் பிடித்தபோது 65 இஞ்சுக்கு மேல். சக்கரத்தை மாட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பிக்கப்பின் உருண்ட பின் மட்கார்டுகள்தான் அதன் அழகே. டயர் அதற்குள் நிழலில் இருக்க வேண்டும். அந்த ஆக்சிலைத் தள்ளிவிட இரண்டு மாதம் ஆனது.

அன்றிலிருந்து என் கணக்கு ஒன்றுதான்: ஆக்சிலை அகலத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், பெயரை வைத்து அல்ல. முதலில் வாங்க வேண்டியது சக்கரமும் டயரும். அவற்றை மட்கார்டுக்குள் நிறுத்தி, பலகைத் துண்டு முட்டுக்கொடுத்து, வெளியே ஓர் இஞ்சும் உள்ளே பட்டை ஸ்பிரிங்கிலிருந்து ஓர் இஞ்சும் இடைவெளி விட்டு, இரண்டு சக்கரங்களும் பதியும் முகங்களுக்கு இடையே அளவெடுங்கள். இந்த ஷெவி பிக்கப்புகளில் சக்கரத்தின் ஆழத்தைப் பொறுத்து 58-இலிருந்து 61 இஞ்சுக்குள் வரும். அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் ஸ்கிராப் யார்டு வாசலை மிதிக்க வேண்டும்.

அந்த எண்ணோடு போனால் 9 இஞ்சிலேயே சில பொருந்தும். 1966-77 ஃபோர்டு பிரான்கோவின் ஆக்சில் 58 இஞ்சு. 1970-களின் பிற்பகுதியில் வந்த லிங்கன் வெர்சாய்ல்ஸ் 58.5 இஞ்சு, அதில் டிஸ்க் பிரேக்கும் உண்டு. ஆனால் இந்த விஷயம் தெரிந்தவர்கள் முப்பது வருடமாகத் தேடி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். யார்டில் கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் விலை எட்டாது. அளவு சொல்லிப் புதிதாகச் செய்து வாங்கலாம், இரண்டாயிரம் டாலருக்கு மேல் போகும்.

இன்னொரு குறையை 9 இஞ்ச் ரசிகர்கள் பேசுவதே இல்லை. அதன் பினியன் கிரவுனின் நடுக்கோட்டிலிருந்து நிறையவே கீழே தள்ளி இருக்கிறது. பற்கள் அதிகமாகத் தழுவுவதால் வலிமை கூடுகிறது. அதே காரணத்தால் பல்லோடு பல் உரசி நழுவுவதும் கூடுகிறது. அந்த உரசல் சூடாக வெளியேறும். எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் எண்ணெயைச் சூடாக்கும். வாரக்கடைசியில் டிராக் ஓட்டத்துக்குப் போகிறவருக்கு அது பெரிதல்ல. தினமும் ஓட்டுகிற வண்டியில் அதைச் சும்மா சுமப்பானேன்?

ஷெவிக்கு ஷெவி உறுப்புதான் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு 1970-81 கமாரோவின் பத்து போல்ட் ஆக்சில் இருக்கிறது. 8.5 இஞ்சு கிரவுன், அகலம் 60, 61 இஞ்சுப் பக்கம், முன்பக்கத்துக்குக் கமாரோ கிளிப், அதாவது அந்தக் காரின் முன்சட்டமும் சஸ்பென்ஷனும், போட்டிருந்தால் 4.75 இஞ்சு வட்டத்தில் ஐந்து போல்ட் துளை கொண்ட சக்கரம் முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்கும். நல்ல ஆக்சில். அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இன்று கிடைப்பவற்றில் பலவும் தேய்ந்தவை, பின்னே டிரம் பிரேக், விகிதமும் பெரும்பாலும் 3.08 மாதிரி எண் குறைந்ததாக இருக்கும். 700ஆர்4-இன் நாலாவது கியரின் விகிதம் 0.70. 28 இஞ்சு டயரோடு 60 மைலில் 3.08 போட்டால் எஞ்சின் 1,550 சுற்றில் திணறும். சின்ன மேடு வந்தாலும் கியர்பாக்ஸ் மூன்றாவதுக்கு இறங்கும். எஸ்-10 பிளேஸரின் ஆக்சிலையும் சிலர் மாட்டுகிறார்கள். அகலம் ஒத்துவரும், ஆனால் 7.5 இஞ்சு கிரவுன் வி8 முறுக்குக்கு மெலிசு. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் போட்டது 1990-களின் கடைசியில் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 இஞ்சு கிரவுன் ஆக்சில். ஷெவி உடம்பில் ஃபோர்டு எலும்பா என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். 9 இஞ்சும் ஃபோர்டுதானே. அகலம் 59.5 இஞ்சுக்குச் சற்று மேல். ஆக்சில் ஷாஃப்டில் 31 ஸ்பிளைன் (முனையில் வெட்டிய பற்கள்), வி8-இன் உதையைத் தாங்கும் தடிமன். 1995 முதல் 2001 வரை வந்தவற்றில் டிஸ்க் பிரேக். டிஸ்க்கின் வயிற்றுக்குள்ளேயே கைப்பிரேக்குக்கு ஒரு சின்ன டிரம். ஐந்து துளை, 4.5 இஞ்சு வட்டம். முன்பக்கத்துக்கு மஸ்டாங் 2 சஸ்பென்ஷன் கிட் போட்டவர்களிடம் பெரும்பாலும் இதே வட்டம்தான் இருக்கும். அதனால் நாலு சக்கரமும் ஒன்றாகிவிடும். விலையோ யார்டில் சில நூறு டாலர். 2002-இலிருந்து எக்ஸ்ப்ளோரருக்குத் தனித்தனிச் சஸ்பென்ஷன் வந்துவிட்டது, அதைத் தொடாதீர்கள். மஸ்டாங்கின் 8.8-ஐயும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 28 ஸ்பிளைன், காயில் ஸ்பிரிங்குக்கான காதுகள், கதை வேறு.

யார்டில் மூடியின் கீழ் போல்ட்டில் தொங்கும் சின்னத் தகரச் சீட்டைத் துடைத்துப் படியுங்கள். துருவும் கிரீஸும் அப்பியிருக்கும், கம்பி பிரஷ் கையில் இருக்கட்டும். "3 73" என்று இருந்தால் சாதா டிஃபரன்ஷியல். நடுவில் எல் எழுத்து இருந்தால் லிமிட்டெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு முறுக்கு போகும் வகை. சீட்டு விழுந்துபோயிருந்தால் இரண்டு சக்கரத்தையும் தூக்கிவிட்டு ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது அதே திசையில் சுற்றினால் லிமிட்டெட் ஸ்லிப், எதிர்த்திசையில் சுற்றினால் சாதா. கிளட்ச் தகடுகள் தேய்ந்த லிமிட்டெட் ஸ்லிப்பும் சாதா மாதிரியே நடந்துகொள்ளும், ஆகவே இந்தச் சோதனையை மட்டும் நம்பிப் பணம் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

8.8-க்கும் நோய்கள் உண்டு. பக்கக் குழாய்கள் நடுவார்ப்பில் அழுத்திச் செருகிப் பொட்டு வெல்டிங் வைத்தவை. கடும் முறுக்கில் குழாய் உள்ளேயே திரும்பலாம், அதனால் வாங்கியதும் சுற்றிலும் வெல்டிங் வைத்துவிட வேண்டும். வார்ப்பிரும்பில் உருக்கு ஒட்டுவது எல்லாருக்கும் கைவராது. சூடேற்றி, மெதுவாக ஆறவிடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஷாஃப்டை உள்முனையில் ஒரு சி-கிளிப்தான் பிடித்திருக்கிறது. ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் வெளியே நழுவும். 9 இஞ்ச் இதைவிட மேல் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். 400 குதிரைச் சக்திக்கு மேல், ஒட்டும் ரேஸ் டயர், டிராக் ஓட்டம் என்று போகிறவர்கள் 9 இஞ்சுக்கே போங்கள், பணம் வீணாகாது. மூன்றாவது, பினியன் நடுவில் இல்லை, வலப்பக்கம் இரண்டு இஞ்சு தள்ளி இருக்கிறது. பிக்கப்பில் அடியில் இடம் தாராளம், எனக்கு அது இடைஞ்சலாகவே இல்லை. இன்னும் ஒடுக்கமாக வேண்டுவோர் இடப்பக்க நீளக் குழாயை மூன்று இஞ்சுக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் வலப்பக்கக் குட்டை ஷாஃப்டை அங்கே செருகிக்கொள்கிறார்கள். பினியனும் கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துவிடும், புது ஷாஃப்ட் செய்யும் செலவும் மிச்சம்.

மாட்டும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று பிரேக். இந்தப் பழைய பிக்கப்பில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், சக்கரத்துக் காலிப்பர் மட்டத்திலேயே இருக்கிறது. டிஸ்க் பிரேக் போட்டால், சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் 2 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு ஒன்றைக் குழாயில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் பின்னோக்கி வடிந்து, ஒவ்வொரு முறையும் பெடலை இரண்டு தரம் அமுக்க வேண்டிவரும்.

மற்றது பினியன் கோணம். எக்ஸ்ப்ளோரரின் ஸ்பிரிங் பேடுகளை அரைத்தெடுத்துவிட்டு, பிக்கப்பின் 1.75 இஞ்சுப் பட்டைக்கு ஏற்ற புதுப் பேடுகளை வெல்டிங் வைக்க வேண்டும். வைத்த பிறகு திருப்ப முடியாது. நான் முதலில் பேடுகளைப் பொட்டு வெல்டிங்கில் மட்டும் நிறுத்தி, எஞ்சின், பின்புறச் சரக்குப் பெட்டி, பெட்ரோல் டேங்க் எல்லாம் ஏற்றி, வண்டியைத் தன் சொந்த எடையில் நாலு சக்கரத்தில் நிற்கவிட்டேன். பிறகு காந்தக் கோணமானியைக் கியர்பாக்ஸின் வால்முனையில் ஒட்டினேன்: மூன்று டிகிரி கீழே. பினியன் அதற்கு இணையாக மூன்று டிகிரி மேலே பார்க்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பினியனின் மூக்கு தானாகவே மேலே எழும்பும் என்பதால் அதில் இரண்டு டிகிரியைக் குறைத்து, ஒரு டிகிரியில் நிறுத்தி முழு வெல்டிங் வைத்தேன். ஹவுசிங் கோணிவிடாமல் இருக்க இந்தப் பக்கம் ஓர் இஞ்சு, அந்தப் பக்கம் ஓர் இஞ்சு, நடுவில் ஆறவிட்டு. ஒரு மத்தியானம் முழுக்கப் போனது.

இப்போது 3.73 விகிதம், 28 இஞ்சு டயர், நாலாவது கியர். 65 மைலில் எஞ்சின் 2,040 சுற்றில் ஓடுகிறது. எந்த வேகத்திலும் அடியிலிருந்து அதிர்வு இல்லை, டயர்கள் மட்கார்டுக்குள்ளேயே இருக்கின்றன.