ஒன்பது துண்டிலும் ஒரே பிழை: 'தோடர் கைத்தையல்' வாங்குவோர் கவனத்துக்கு

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் கையால் தைத்தது, 'தோடர் கைத்தையல்' என்று சொல்லி ஊட்டியில் விற்கும் துணித் துண்டுகளை வாங்கப் போகிறீர்களா? பணத்தை எடுப்பதற்கு முன் துணியைத் திருப்பிப் பாருங்கள். திருப்ப விடாத கடையில் வாங்காதீர்கள். நான் திருப்பிப் பார்க்காமல் 4,050 ரூபாயையும் இரண்டரை மாத உழைப்பையும் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏமாற்றியது கடைக்காரர் என்றாலும், ஏமாறுவதற்கு நானும் மும்முரமாக ஒத்துழைத்திருக்கிறேன்.

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்துக்கொண்ட பைத்தியம் ஒட்டுத்துணி வேலை. பெரிய போர்வைகள் என்னால் ஆகாது, கழுத்து விட்டுப்போகும். பாத்திரம் இறக்கும் துணி, தலையணை உறை, சுவரில் மாட்டும் சின்னச் சின்ன வேலைகள், தொட்டில் குழந்தைக்குப் போர்வை, இவ்வளவுதான் என் எல்லை. மேலே ஒட்டுத்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் நைந்த வேட்டி; மூன்றையும் சேர்த்து நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டால் அதற்குக் குவில்ட் என்று பெயர். பழைய புடவைகளை அடுக்கி எங்கள் பாட்டி தைத்த விரிப்பும் அதே வேலைதான். பாட்டிக்குப் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

கோவையில் இருக்கும் என் தங்கை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. 36 அங்குலச் சதுரத்தில் ஒரு போர்வை தைத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தேன். மலையிலிருந்து இறங்கும் பெரிய பாட்டியின் கையில் மலையின் அடையாளம் ஒன்று இருக்க வேண்டாமா? தைலமும் வர்க்கியும் எல்லோரும் கொண்டுபோவதுதான். அப்போதுதான் தோடர் பூத்தையலை வைத்துத் தைக்கும் எண்ணம் வந்தது. தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளி என்ற சால்வையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பழுப்பு வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கோணங்களும் கட்டங்களும் வரிசை பிடித்து நிற்கும். அந்த வேலைப்பாட்டுக்கு, இந்த மண்ணுக்கே உரியது என்பதற்கான புவிசார் குறியீடும் 2013இல் கிடைத்திருக்கிறது.

மே மாதம், சீசன் கூட்டம். ஊட்டியில் வேறு வேலையாகப் போனவள், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தெரு ஒன்றில் இருக்கும் கடைக்குள் நுழைந்தேன். வாசலிலேயே 'தோடர் கைத்தையல், புவிசார் குறியீடு பெற்றது' என்று பலகை. உள்ளே பத்து அங்குலச் சதுரத் துண்டுகளை அட்டையில் பொருத்தி, பளபளக்கும் உறையில் போட்டு அடுக்கியிருந்தார்கள். ஒன்று 450 ரூபாய்.

"இது யார் தைத்தது, தம்பி?" என்று கேட்டேன்.

"தோடர்கள் குடியிருக்கும் மந்திலிருந்து நேராக நமக்கு வருகிறது, மேடம். எல்லாம் கையால் செய்ததுதான்."

"ஒன்றைப் பிரித்துப் பார்க்கட்டுமா?"

"வெள்ளைத் துணி, மேடம். கை பட்டால் அழுக்காகிவிடும். வாங்கிக்கொண்டு வீட்டில் பிரித்துப் பாருங்கள்."

நியாயமாகத்தான் பட்டது. ஒன்பது எடுத்தேன். பில் கேட்டபோது, "பில் போட்டால் வரி சேரும், மேடம், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார் கல்லாவில் இருந்தவர். வரியை மிச்சம் பிடித்த பெருமையோடு கைபேசியில் பணத்தை அனுப்பிவிட்டு, கட்டபெட்டு வரும் வரை பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அட்டையைக் கழற்றியதும் முதல் அறிகுறி தெரிந்தது. துணியின் பின்புறம் முழுக்க வெள்ளைக் காகிதம் போல ஒன்று ஒட்டியிருந்தது. துணி விறைப்பாக நிற்பதற்காக வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது அறிகுறி இஸ்திரிப் பெட்டி வைத்தபோது. பருத்திக்கு வைக்கும் சூட்டில் ஒரு மூலை சுருங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. பருத்தி அப்படிச் சுருங்காது என்பது இத்தனை வருடம் துணியோடு புழங்குகிறவளுக்குத் தெரியாதா? தெரியும். பெட்டியின் சூடு அதிகம் என்று பெட்டியின் மேல் பழியைப் போட்டேன்.

மூன்றாவது அறிகுறியைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். ஒன்பது துண்டுகளையும் காடா துணிப் பட்டைகளால் இணைத்து, கட்டிலில் விரித்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காப்பி டம்ளரோடு வந்தவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "எல்லாவற்றிலும் ஒரு பல் விழுந்திருக்கிறதே?" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு துண்டிலும் வலது ஓரத்தில், மேலிருந்து மூன்றாவது கட்டத்தில், ஒரு சிவப்புத் தையல் விட்டுப்போயிருந்தது. ஒன்பதிலும் அதே ஓரம், அதே கட்டம், அதே தையல். கையால் தைக்கிறவர்களுக்குப் பிழை வரும், எனக்கு வண்டி வண்டியாக வரும். ஆனால் ஒரே பிழையை ஒரே இடத்தில் ஒன்பது முறை செய்யக் கணினியில் ஏற்றிய டிசைனைத் தைக்கும் எம்பிராய்டரி மிஷினால்தான் முடியும். இது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு அவரிடம் நான் சொன்ன பதில்: "திருஷ்டி படாமல் இருக்க வேண்டுமென்றே விட்டிருப்பார்கள்." அவர் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டேன். முடித்துவிட்டு, குழந்தை மேல் படும் துணியாயிற்றே என்று பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து முக்கினேன். பத்து நிமிடத்தில் பக்கெட் தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிட்டது. அலசினேன், மறுபடியும் ரோஸ்மில்க். ஜூலை மாதத்து மூட்டத்தில் துணி காய மூன்று நாள் ஆயிற்று. ஈரம் நிற்க நிற்கச் சாயம் ஊர்ந்துகொண்டே போகும். முதல் நாள் கோடாக இருந்தது மூன்றாம் நாள் திட்டாகிவிட்டது. காடா பட்டை, அடியில் வைத்த வேட்டி, நடுவில் இருந்த பஞ்சு என எதுவும் தப்பவில்லை.

இங்கே என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எந்தத் துணியானாலும் தைப்பதற்கு முன் தனித்தனியாக ஒரு முறை நனைத்துக் காயவைக்க வேண்டும். சிவப்பு என்றால் ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும்; கறை ஏறினால் அது உங்கள் வேலைக்கு ஆகாது. சனிக்கிழமைதோறும் சேர்ந்து தைக்கும் எங்கள் நால்வர் கூட்டத்தில் மற்ற மூவருக்கும் இதைப் பாடம் நடத்தியவள் நான்தான். கைத்தையலின் விறைப்பு கெட்டுவிடக் கூடாதே என்று நனைக்காமல் விட்டேன். விறைப்பைக் கொடுத்ததோ அந்தப் பின்புறக் காகிதம்!

அந்த நால்வரில் ஒருவருக்கு, பூத்துக்குளி தைக்கும் ஒரு தோடர் பெண்ணைப் பழக்கம். அவரைப் பார்க்கப் போர்வையோடு போனோம். அவர் விரலால் ஒரு துண்டைத் தடவினார், ஓரத்தைத் தூக்கிப் பின்புறம் பார்த்தார், பத்து நொடிகூட ஆகவில்லை.

"அக்கா, இதில் யாரும் எண்ணவே இல்லையே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. உள்ளே போய்த் தான் தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்து வந்தார். இழைகள் தடிமனாக, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் நெசவு. அதில் பென்சில் கோடு இல்லை, அச்சு இல்லை, துணியை இழுத்துப் பிடிக்கும் வளையச் சட்டமும் இல்லை. ஊசி முனையால் இழைகளை எண்ணி, சிலவற்றுக்கு மேலும் சிலவற்றுக்குக் கீழுமாக ஊசியைக் கோத்து இழுக்கிறார். உதடு மட்டும் லேசாக அசைகிறது. வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது எண்ணிக்கை ஒன்று தள்ளிப் போகிறது, அதிலிருந்து கோணம் பிறக்கிறது. துணியின் நெசவே அவருக்குக் கட்டம் போட்ட நோட்டு. ஊசி இழையைக் குத்திக் கிழிப்பதில்லை, இரண்டு இழைகளுக்கு நடுவில் நுழைகிறது.

நூலை இறுக்கி இழுக்காமல் ஆங்காங்கே பொடிச் சுருளாகத் துருத்திக்கொண்டு நிற்க விடுகிறார். அதனால் ஒரு பக்கம் மழமழப்பாகவும் மறுபக்கம் கரடுமுரடாகவும் இருக்கிறது. அந்தக் கரடுமுரடான பக்கம்தான் அவர்களுக்கு மேல்பக்கம். நாம் ஒளித்துவைக்கும் பின்புறத்தை அவர்கள் வெளியே தெரியப் போர்த்துகிறார்கள். நாற்பது வருடமாக இந்த மலையில் இருக்கிறேன். இது எனக்குத் தெரியாது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இப்போது என் போர்வையைப் பக்கத்தில் வைத்தார். அதில் துணி நைஸானது, பூதக்கண்ணாடி வைத்தாலும் இழையை எண்ண முடியாது. தையல் நெசவோடு போகாமல் சாய்வாக நெருங்கிக் கிடந்தது. பின்புறக் காகிதத்தை ஊசியால் கிழித்துக் காட்டினார்: மேலே சிவப்பும் கறுப்பும் இருக்க, அடியில் முழுக்க வெள்ளைப் பாபின் நூல், அதாவது தையல் மிஷினின் அடிப்பக்கத்திலிருந்து வரும் நூல். கையால் தைத்த வேலையில் மேலே ஓடும் நூல்தான் கீழேயும் ஓடும், தனியாக வெள்ளை நூல் எங்கிருந்து வரும்? ஓரத்தில் ஒரு பிசிறை வெட்டிக் கொளுத்தினோம். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் பொடியாக உதிரும். இது உருகி, கறுப்பாகக் குண்டூசித் தலை போல இறுகிவிட்டது. பாலியஸ்டர் கலந்த துணி.

"நான் தைத்ததையும் முதலில் பச்சைத் தண்ணீரில் தனியாக முக்கிப் பாருங்கள், அக்கா. நூல் கடையில் வாங்குவதுதானே" என்று அவரே சொன்னார். கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டியது.

ஆகஸ்டில் கடைக்குப் போனேன். அதே தம்பி, அதே பலகை. போர்வையை விரித்ததும் கல்லாக்காரர் எழுந்து வந்தார். "தோடர் டிசைன் என்றுதான் சொல்லியிருப்போம், மேடம்" என்றார். வாசல் பலகையைக் காட்டினேன். "அது பொதுவாகப் போட்டது." விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லையாம், வேண்டுமானால் அதே விலைக்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளலாமாம். பில்லைக் காட்டச் சொன்னார். பில் கொடுக்காதவரே பில் கேட்கும் துணிச்சலை என்னவென்று சொல்வது!

அன்றிரவு என் தம்பி மகன், வக்கீலாக இருக்கிறான், போனில் சில விஷயங்களை விளக்கினான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 30 நாள் எனக்குக் கடந்துவிட்டது, அந்தப் பிடி போயிற்று. ஆனால் பொய் சொல்லி விற்றதற்காகப் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. கைபேசியில் பணம் அனுப்பிய பதிவே வாங்கியதற்குச் சான்றாகும் என்றான். புவிசார் குறியீட்டைப் பொய்யாகப் போட்டு விற்றால் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறதாம்.

மறுநாள் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. ஒரு வாரம் கழித்துக் கடையிலிருந்து போன் வந்தது. பாதிப் பணம் தருகிறார்களாம், புகாரை முடித்துக்கொள்ள வேண்டுமாம். மாட்டேன் என்றேன். முழுத் தொகை வேண்டும், பலகையும் இறங்க வேண்டும். புகார் இன்னும் நடக்கிறது.

உண்மையான வேலை வேண்டும் என்பவர்கள் தைக்கும் பெண்களிடமே கேட்டு வாங்கலாம். புவிசார் குறியீட்டுக்குத் தோடர் சங்கத்தோடு சேர்ந்து விண்ணப்பித்தவை அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரும் எங்கள் ஊர்க் கீஸ்டோன் அறக்கட்டளையும், அங்கேயும் விசாரிக்கலாம். விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஒரு முழுப் பூத்துக்குளிக்கு மாதக்கணக்கில் எண்ண வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகு, 450 ரூபாய்க்குப் பத்து அங்குலம் கிடைக்கும் என்று நம்பிய என் கணக்கை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அந்தப் பெண்ணிடம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு துண்டு கேட்டிருக்கிறேன். சுற்றிலும் வெறும் காடாவில் ஓட்டுத் தையல் போட்டுக்கொள்வேன். குழந்தை அதற்குள் உட்காரத் தொடங்கிவிட்டது, போகட்டும்.

இந்த சீசனில் ஊட்டியில் யாராவது அட்டையில் பொருத்திய பத்து அங்குலத் துண்டு வாங்கியிருந்தால், உறையைப் பிரித்து வலது ஓரத்தைப் பாருங்கள். மேலிருந்து மூன்றாவது கட்டம். அங்கே ஒரு சிவப்புத் தையல் இல்லாவிட்டால் நனைக்காதீர்கள், அட்டையோடு பத்திரமாக வைத்திருங்கள், எனக்கும் தெரியப்படுத்துங்கள். புகாரில் உங்களையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று தம்பி மகனிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.