மெரினோ சாக்ஸ் என்று நம்பி ஒரு வாரச் சம்பளத்தைத் தொலைத்தேன். பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறவர்கள் படியுங்கள்

இன்று காலைதான் அந்த ஆன்லைன் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான், ஒரே வரி. யார் முடித்தார்கள், என்ன விசாரித்தார்கள், எதுவும் கிடையாது. மெரினோ என்கிற மென்மையான ஆட்டுக் கம்பளி என்று நம்பி நான்கு ஜோடி சாக்ஸுக்கு நான் கொடுத்தது என் ஒரு வாரச் சம்பளம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விளையாட்டுச் சாமான்கள் மட்டும் விற்கிற கடை, அரட்டைப் பெட்டியில் உடனே ஆள் வந்து பேசுவார், படங்கள் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அந்த மாதிரிக் கடை.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அரட்டையில் வந்தவர் முதலில் கேட்டதே, "பூட்ஸ் என்ன மொண்டோ அளவு, சார்?" என்றுதான். மொண்டோ என்பது பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது, பனிச்சறுக்கு பூட்ஸுக்கு அந்தக் கணக்குதான். எனக்கு 27.5, மகளுக்கு 23.5 என்றேன். அடுத்து கெண்டைக்கால் சுற்றளவு கேட்டார். சாக்ஸ் முழங்காலுக்குக் கீழ் வரை ஏறி நிற்க வேண்டும், பாதி வழியில் நின்றால் அதன் விளிம்பு பூட்ஸுக்குள் மாட்டி அறுக்கும் என்று அவராகவே சொன்னார். அது உண்மையும்கூட. விஷயம் தெரிந்தவர் என்று அந்த இடத்தில்தான் நம்பினேன்.

"மெல்லிய சாக்ஸ்தான் சரி என்கிறார்களே?" என்று கேட்டேன். அதற்கு வந்த பதில் வரிக்கு வரி நினைவிருக்கிறது. "பிள்ளைகளோடு போகிறீர்கள் சார், குளிரில் விளையாடாதீர்கள். தடிமனானதே எடுங்கள், 80 சதவீதம் மெரினோ கம்பளி. தேவைப்பட்டால் இரண்டு ஜோடி சேர்த்துப் போடலாம்." பிள்ளைகள் என்றதும் மனம் இளகிவிட்டது. இந்த விலை இன்று இரவு வரைதான் என்றார். ஒரு வாரச் சம்பளம் என்று தெரிந்தும் அப்போதே கட்டிவிட்டேன்.

முதல் நாள், பனியில் இறங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. "அப்பா, விரல் இருக்கிற மாதிரியே தெரியலை" என்று மகள் அழ ஆரம்பித்தாள். உள்ளே கூட்டிப் போய் பூட்ஸைக் கழற்றினேன். விரல் நுனிகள் வெளுத்துப்போய், தொட்டால் உணர்வில்லை. என் உள்ளங்கைகளுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தேன், நிறம் திரும்பும் வரை உயிர் என்னிடம் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று அப்புறம்தான் புரிந்தது. பனிச்சறுக்கு பூட்ஸின் வெளிக்கூடு கெட்டிப் பிளாஸ்டிக், சாக்ஸுக்காக அது இளகிக் கொடுக்காது. கதகதப்புக்கென்றே உள்ளே லைனர் என்கிற மெத்தை இருக்கிறது. சாக்ஸின் வேலை வேறு. வியர்வையைத் தோலிலிருந்து எடுத்துவிட வேண்டும், உராய்வு இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தடியான சாக்ஸைத் திணித்து மேலே கொக்கிகளை இறுக்கினால் கால் நசுங்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது. பாதத்துக்குச் சூட்டைக் கொண்டுவருவதே ரத்தம்தானே? சாக்ஸுக்குள் சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றும் நசுங்கி வெளியேறிவிடும். ஆக, தடிமன் கூடினால் கால் இன்னும் சில்லிட்டுத்தான் போகும். இரண்டு ஜோடி போட்டால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி மடிப்பு விழும். அந்த மடிப்பு பூட்ஸின் நாக்குக்கும் என் காலின் முன்பக்க எலும்புக்கும் நடுவில் சிக்கியதில், எலும்பு நெடுக நீலமாகக் கன்றிப்போய் மறுநாள் என்னால் பூட்ஸையே மாட்ட முடியவில்லை.

அன்று மாலை சாக்ஸைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அப்போதுதான் சந்தேகமே வந்தது. நல்ல மெரினோ தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும், தொட்டால் சொதசொதவென்று இருக்காது. இது நனைந்த துண்டு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகி ஒழுகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. சாக்ஸின் உள்பக்கத்தைத் திருப்பினால் மடிப்புக்குள் நகக்கண் அளவு துணிச்சீட்டு: அக்ரிலிக் (செயற்கை இழை), பருத்தி. கம்பளி என்ற சொல்லே இல்லை! பனியில் போடவே கூடாத துணி என்றால் அது பருத்திதான். நனைந்தால் காயாது, ஈரத்தைக் காலோடு ஒட்டிவைத்துக்கொள்ளும்.

புகார் கொடுத்தேன். "உபயோகித்த சாக்ஸைச் சுகாதாரக் காரணங்களுக்காகத் திருப்பி எடுப்பதில்லை" என்றார்கள். போட்டுப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். படம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். வீடியோ கேட்டார்கள். அதையும் அனுப்பினேன். பிறகு பிரிக்காத உறையோடு படம் வேண்டுமாம். பிரித்த பொருளுக்குப் பிரிக்காத உறையை எங்கே போய்த் தேடுவது? "மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறோம், 48 மணி நேரம் பொறுங்கள்" என்பது மட்டும் நான்கு முறை வந்தது. அப்புறம், விற்றது நாங்கள் இல்லை, எங்கள் தளத்தில் கடை போட்டிருக்கும் வேறொருவர் என்றார்கள். கடைசியில் அடுத்த முறை வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கூப்பன். என் ஒரு வாரச் சம்பளத்துக்கு ஈடு அந்தக் கூப்பனா? வாய்க்கு வாய் சார் என்று கூப்பிட்டவர் அதன்பிறகு ஒரு செய்திக்கும் பதில் போடவில்லை.

இன்னொன்றும் நடந்தது. பொருளின் பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்த்தால் "80 சதவீதம் மெரினோ" இருந்த இடத்தில் "மெரினோ போன்ற மென்மை" என்று இருக்கிறது. மாற்றிவிட்டார்கள். வாங்கிய அன்று நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கவில்லை. அரட்டையும் அவர்கள் பக்கத்திலேயே அழிந்துவிட்டது. கையில் ஆதாரம் என்று எதுவும் இல்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும் சொல்கிறேன். ஒரே ஒரு ஜோடி, மெல்லியது, முழங்காலுக்குக் கீழ் வரை. எந்தத் துணி எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள், பதிலைப் படமெடுத்து வையுங்கள். சாக்ஸ் வந்ததும் போடுவதற்கு முன்பே உள்பக்கச் சீட்டைப் பாருங்கள், போட்டுவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். பூட்ஸை அளவு பார்க்கும்போது பனியில் எதைப் போடப் போகிறீர்களோ அதே சாக்ஸோடு பாருங்கள். உள்ளே போடும் நீளக் கால்சட்டையைப் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். காலையில் கிளம்பும்போதே மாட்டி வியர்க்கவிடாமல், பூட்ஸ் மாட்டும் இடத்தில் உலர்ந்த சாக்ஸாகப் போடுங்கள். பிள்ளைகளிடம் அடிக்கடி விரலை அசைக்கச் சொல்லிக் கேளுங்கள், அவர்களாகச் சொல்வதற்குள் நேரம் போய்விடுகிறது.

அந்தப் பக்கத்தில் இந்த நிமிடமும் "சில ஜோடிகளே மீதம்" என்று ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே என்னை மாதிரியே ஒருவர், பிள்ளைக்கு எந்த அளவு எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார். வாங்காதீர்கள் என்று பதில் எழுதினேன். பத்து நிமிடத்தில் அதை நீக்கிவிட்டார்கள்.