பத்துக்கு ஒன்பது அறைக்கு எந்த டிவி?

எங்கள் வீட்டில் டிவி பட்டாசலில் (முன்கூடத்தில்) இல்லை, அதை ஒட்டிய சின்ன அறையில் இருக்கிறது. பத்துக்கு ஒன்பது. கிழக்குச் சுவரில் டிவி, எதிரே மேற்கு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே தையல் மிஷின், அதற்கு முன்னால் என் நாற்காலி. வடக்குச் சுவரோடு அம்மாவின் கட்டில். திரைக்கும் என் கண்ணுக்கும் நடுவே டேப் பிடித்தால் சரியாக ஆறடி. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை வட்டாரத்துப் பழைய ஓட்டு வீடுகளில் இது சகஜமான அளவுதான். ஆனால் கடைக்குப் போனால் இந்த ஆறடியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. "பட்ஜெட் எவ்வளவு?" என்பதோடு சரி.

முன்பு இருந்தது 32 இஞ்ச், எச்டி ரெடி, அதாவது ஃபுல் எச்டிக்கும் ஒரு படி கீழே. நாகர்கோவிலில் ஒரு கடையில் பளபளப்பைப் பார்த்து மயங்கி எடுத்தது. பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2022 டிசம்பர் 18, அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய உலகக் கோப்பை இறுதியாட்டம், நமக்கு இரவு எட்டரை மணி. கால்பந்து என்றால் இந்த மாவட்டம், அதுவும் கடற்கரை ஊர்கள், எப்படி ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விளக்கை அணைத்துவிட்டு நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்தோம். கேலரியின் இருட்டெல்லாம் அடுப்புச் சாம்பல் நிறம். பந்து போன வழியெல்லாம் ஈரத்துணியால் இழுத்த மாதிரி ஒரு தடம். ஆட்டம் பிரமாதம், படம் பாவம். அன்றைக்கே அடுத்த டிவிக்கான யோசனை தொடங்கிவிட்டது.

முதல் போட்டி 32க்கும் 43க்கும். சின்ன அறைக்குச் சின்ன டிவி போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. 43 இஞ்ச் திரை 95 செ.மீ. அகலம். ஆறடியில் இருந்து பார்த்தால் அது கண்ணில் ஏறக்குறைய 30 பாகை அகலத்துக்கு விரியும். வீட்டில் படம் பார்க்க வசதியான அளவு என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்த 30 பாகைதான். அதே இடத்தில் 32 இஞ்ச் 22 பாகைதான் கொடுக்கும். 55ஐத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 37 பாகை வரும். சினிமா ரசிகருக்கு அதுவும் சரிதான், ஆனால் கால்பந்தில் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டி வரும்.

அப்புறம் 4கே, அதாவது ஃபுல் எச்டியைப் போல நாலு மடங்கு புள்ளிகள் (பிக்சல்கள்). இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 43 இஞ்ச் 4கே திரையில் ஒரு புள்ளி கால் மில்லிமீட்டர். மூன்றடிக்கு உள்ளே போனால்தான் சாதாரணக் கண்ணுக்கு அந்தப் புள்ளிகள் பிரிந்து தெரியும். ஃபுல் எச்டியாக இருந்தால்கூட ஐந்தரை அடியிலேயே புள்ளிகள் கலந்துவிடும். ஆக ஆறடியில் உட்காரும் எனக்கு 4கேயின் நுணுக்கத்தில் பெரும்பகுதி வீண். அதோடு கேபிளில் வரும் எஸ்டி (சாதாரணத் தர) சேனலில் இருப்பதே 576 வரிகள். அதை 2160 வரிக்கு இழுத்தால் முகமெல்லாம் களிமண் பூசியது போலத்தான் இருக்கும். அந்த விஷயத்தில் பழைய 32 இஞ்சே தேவலை.

பிறகு ஏன் 43 இஞ்ச் 4கே? அந்த அளவில் நல்ல பேனலும் (படம் தெரியும் கண்ணாடி) நல்ல பிராசசரும் (படத்தைச் சீராக்கும் சிப்) 4கே மாடல்களில்தான் வருகின்றன. புள்ளிக்காக இல்லை, புள்ளியோடு ஒட்டி வரும் மற்றதற்காக. விலையும் இறங்கியிருக்கிறது. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. 32க்கு முன்பே 18தான். நமக்கு ஆடித் தள்ளுபடியும் உண்டு, எல்லை தாண்டி வரும் ஓணம் ஆஃபரும் உண்டு. அந்த வருடம் திருவோணம் செப்டம்பர் 5. ஆஃபரில் பாய்ந்து 43 வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது போட்டி பேனலில். பெட்டியில் இதை எழுதவே மாட்டார்கள், ஆனால் இதுதான் படத்தின் தலையெழுத்து. சாதாரண எல்இடி டிவி என்பது பின்னால் எரியும் வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாக மறைக்கும் கண்ணாடி. மறைக்கும் திறமையில் இரண்டு சாதி: விஏ, ஐபிஎஸ். விஏ பேனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் மூவாயிரம், நாலாயிரம் மடங்கு வரை இருக்கும். ஐபிஎஸ்ஸில் ஆயிரத்தை ஒட்டியே நிற்கும். இருட்டு அறையில் ஐபிஎஸ்ஸின் கறுப்பு சாம்பலாகத் தெரிவது இதனால்தான். என் பழைய டிவியும் ஐபிஎஸ்தான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அப்போ விஏ எடுத்தால் முடிந்ததா? இல்லை. விஏவை நேரே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் போகப் போக நிறம் வெளிறும். பெரிய ஹாலில் எல்லோரும் தள்ளி உட்காருவதால் கோணம் குறைவு. சின்ன அறையிலோ சுவரோடு சுவராகத்தான் உட்கார முடியும். அம்மா கட்டிலில் வடக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் திரைக்கு ஏறக்குறைய 50 பாகை சரிவு. சின்ன அறைக்கு டிவி எடுக்கிறவர் இஞ்சைவிட இந்தக் கோணத்தைத்தான் முதலில் அளக்க வேண்டும் என்பது என் கட்சி. பலர் பக்கவாட்டில் உட்காரும் வீடு, பகலில் விளக்கோடு பார்க்கும் வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஐபிஎஸ். ராத்திரி இருட்டில் நேரே உட்கார்ந்து பார்க்கிற ஆள் என்றால் விஏ. எங்கள் வீட்டில் இரண்டு ஆட்களும் உண்டு என்பதுதான் சிக்கல்.

கியூஎல்இடி பற்றி அதிகம் சொல்ல இல்லை. நிறம் கூடுதல் அழுத்தமாக இருக்கும், ஆனால் அதுவும் பின்வெளிச்சம் எரியும் டிவிதான். பெயரில் ஓஎல்இடிக்கு உறவு மாதிரி தோன்றும், உறவில்லை. குறைந்த விலை டிவியின் பெட்டியில் எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் முறை) என்று போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதே அதன் அர்த்தம், காட்டும் அளவுக்கு வெளிச்சம் இருக்காது.

படத்தை மட்டும் பார்த்தால் ஜெயிப்பது ஓஎல்இடி, அதில் பேச்சே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பென்றால் கறுப்பு. பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நிறம் போகாது, பந்தும் இழுபடாது. எல்ஜி 2022இல் 42 இஞ்சிலும் கொண்டுவந்த பிறகு சின்ன அறைக்கும் வழி பிறந்தது. ஆனால் விலை லட்சத்தை ஒட்டி நிற்கிறது, சாதாரண 43ஐப் போல மூன்று மடங்கு. காலையில் இருந்து இரவு வரை ஒரே சேனலின் லோகோவும் கீழே ஓடும் செய்தியும் நின்றால் நாளடைவில் அந்த இடம் திரையில் வடுவாகப் பதியும் அபாயமும் உண்டு. எங்கள் வீட்டில் ஓடுவது அப்படித்தான்.

கடையில் நான் செய்ததைச் சொல்கிறேன். அங்கே எல்லா டிவியிலும் தேனும் பூவும் கிளியும் ஓடிக்கொண்டிருக்கும், வெளிச்சம் உச்சத்தில். அதை நிறுத்தச் சொல்லி, படத்தை சினிமா மோடுக்கு மாற்றச் சொன்னேன். பென் டிரைவில் கொண்டுபோன பழைய கால்பந்து ஆட்டத்தையும் ஓர் இருட்டுக் காட்சியையும் போட்டேன். பிறகு டிவியின் ஓரத்துக்கு நகர்ந்து, அம்மா உட்காரும் கோணத்தில் நின்று பார்த்தேன். இன்னொன்று, விரலால் திரையை மெல்லத் தொட்டால் விஏவில் விரலைச் சுற்றி வெளிச்சம் பரவும், ஐபிஎஸ்ஸில் அவ்வளவாகத் தெரியாது. "அண்ணே, டிஸ்பிளேல கை வைக்காதீங்க" என்று பையன் ஓடி வந்தான். அதற்குள் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. ஒரே மாடல் நம்பரில் இரண்டு விதப் பேனலும் வருவதுண்டு, அதனால் வீட்டுக்கு வந்த பெட்டியையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

நான் எடுத்தது 43 இஞ்ச் 4கே, விஏ. முதல் நாளே ஷார்ப்னஸை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறக்கி, வெளிச்சத்தையும் பாதியாக்கினேன். பின்னால் இருக்கும் எல்இடி பட்டைகளுக்கும் அது ஆயுசு. அந்த இரவு படம் பார்த்தபோது கறுப்பு கறுப்பாகவே இருந்தது. மறுநாள் சாயங்காலம் கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"மக்கா, இந்த சீரியல்காரிக்க மொகம் என்ன இப்பிடி வெளிறிப் போயி கிடக்கு?"

எதிர்பார்த்ததுதான். தையல் மிஷினைப் பட்டாசலுக்குத் தள்ளிவிட்டு, கட்டிலை மேற்கு ஜன்னலுக்குக் கீழே போட்டேன். இரண்டு பேருக்கும் நேரே தெரிந்தது. ஆனியில் மழை தொடங்கியது. தென்மேற்குச் சாரல் அடிப்பது அந்த ஜன்னலில்தான், மூன்றாம் நாள் மெத்தை நனைந்து கட்டில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

கடைசியில் இரண்டு பக்கமும் திரும்பும் கை வைத்த பிராக்கெட். சுண்ணாம்புச் சுவரில் டிரில் போட்டால் பொடியாகக் கொட்டியது. எலக்ட்ரீஷியன் ஒரு பலாப் பலகையை நாலு நீள போல்ட்டில் சுவரோடு இறுக்கி, அதன் மேல் பிராக்கெட்டைப் பொருத்தினார். ஐப்பசி இடிக்கு முன் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றிவிடச் சொல்லிப் போனார்.

இப்போது ஆறரை மணிக்கு டிவி கட்டிலைப் பார்த்துத் திரும்புகிறது. ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிப்பதும் அதோடு போயிற்று. பத்து மணிக்கு அம்மா தூங்கின பிறகு, சத்தம் வராமல் அதை நாற்காலிப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். பிராக்கெட்டின் மூட்டு மட்டும் லேசாகக் கிரீச்சிடுகிறது, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.